பழைய லாரி வாங்கியாச்சா? இன்ஜினைப் பிரிக்க விடும் முன் இதையெல்லாம் பாருங்கள்

செகண்ட்ஹேண்ட் லாரி வாங்கிய புதிதில் பணம் போவது பெரும்பாலும் ரிப்பேரால் அல்ல, எது ரிப்பேர் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால்தான். கரும்புகை வருகிறது என்று நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) மாற்றுவார்கள், நிற்காது, பம்பைக் கழட்டுவார்கள், அப்போதும் நிற்காது, சரி இன்ஜின் வேலையே செய்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கடைசியில் பார்த்தால் டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருக்கும். ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு மாதாமாதம் டியூ கட்டுகிறவருக்கு இது தாங்குகிற செலவு இல்லை. ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கான சோதனைகளில் முக்கால்வாசியை ஓனரோ டிரைவரோ கண், காது, கை இவற்றை வைத்தே செய்துவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு. டாடா 1613, 2515, லேலண்ட் ஆறு சக்கரம், டாரஸ் மாதிரியான வண்டிகள். புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ் 4 நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரலில், பிஎஸ் 6 வந்தது 2020 ஏப்ரலில். அவற்றுக்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் சிஸ்டம்), சென்சார் எல்லாம் இருப்பதால் ஸ்கேனர் போடாமல் பாதி விஷயம் தெரியாது. பழைய பம்ப் வண்டியில் அப்படி இல்லை, எல்லாமே தொட்டுப் பார்க்கிற மாதிரி வெளியே இருக்கிறது.

முதலில் ஆயிலைப் பாருங்கள்

வண்டி கைக்கு வந்ததும் இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், ஹவுசிங் (பின் ஆக்சில்) ஆயில், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்று சொல்லியிருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம், ஆனாலும் மாற்றுங்கள். உங்கள் கணக்கு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

மாற்றும்போது பழைய ஆயிலை அப்படியே டின்னில் கொட்டிவிடச் சொல்லாதீர்கள். அகலமான சுத்தமான ட்ரேயில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை, டீசல் இன்ஜின் ஆயில் கறுக்கத்தான் செய்யும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ லைனர் ரப்பரோ ஏதோ ஒன்று விட்டிருக்கிறது. ஸ்டிக்கில் லெவல் ஏறிக்கொண்டே போய், ஆயில் தண்ணியாக இருந்து டீசல் வாடை அடித்தால், டீசல் உள்ளே இறங்குகிறது. ஃபீட் பம்ப்பிலோ (டேங்கிலிருந்து டீசலை இழுப்பது) பெரிய பம்ப்பிலோ (நாசிலுக்கு அனுப்புவது) கசிவு இருக்கலாம், நாசிலும் ஒழுகலாம். இந்த நிலையில் லோடு ஏற்றி ஓட்டினால் மெட்டல் (கிராங்க் பேரிங்) போய்விடும். ட்ரேயின் அடியில் மினுமினு என்று தூள் தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னினால் மெட்டலோ புஷ்ஷோ தேய்கிறது, அந்த இன்ஜினின் ஆயில் பிரஷரை உடனே மீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கியர் பாக்ஸிலும் ஹவுசிங்கிலும் ஆயில் வெளுத்திருந்தால், தண்ணீர் தேங்கிய ரோட்டில் இறங்கி பிரீத்தர் வழியாகத் தண்ணீர் போயிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், மாற்றினால் போதும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

முதல் கேள்வி, செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றுகிறதா இல்லையா. சுற்றவில்லை என்றால் டீசல் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24. நல்ல சார்ஜில் நிற்கும் வண்டியில் மல்டிமீட்டர் 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், வண்டி ஓடும்போது 27.5-லிருந்து 28.5 வரை. ஓடும்போதும் 25-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை, அல்லது பெல்ட் நழுவுகிறது. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் 'டக் டக்' என்று மட்டும் அடித்தால் கேபிளைப் பாருங்கள், குறிப்பாக சேஸிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் கேபிள். பழைய வண்டியில் அது துருப்பிடித்துப் பாதி இழைதான் மிஞ்சியிருக்கும். இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுப் பாருங்கள், எது சூடாகிறதோ அங்கேதான் லூஸ். ஒரு கேபிளில் முடிகிற வேலைக்கு செல்ஃப் மோட்டார் மாற்றிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? ஸ்டாப்பர் கேபிளைப் பாருங்கள். நிறுத்துவதற்காக இழுத்த கேபிள் முழுதாகத் திரும்பியிருக்காது, பம்ப்பில் லீவர் பாதியில் நிற்கும், அவ்வளவுதான் விஷயம். கையால் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டர் மேலே இருக்கும் பிளீடிங் ஸ்குரூவைத் தளர்த்தி ஃபீட் பம்ப்பின் பிரைமரைக் கையால் அடியுங்கள். நுரையும் குமிழியுமாக வந்து, அப்புறம் குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும், அந்த நேரத்தில் அடிப்பதை நிறுத்தாமல் ஸ்குரூவை முடுக்குங்கள். பிறகு பம்ப்பில் இருக்கும் ஸ்குரூவிலும் இதே மாதிரி. வண்டி பிடித்துவிடும்.

ஆனால் மறுநாள் காலையில் திரும்பவும் ஏர் பிடித்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சுகிற லைன். வண்டி ஓடும்போது அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் "எங்கேயும் லீக் இல்லையே" என்று துடைத்துப் பார்த்துவிட்டுப் பம்ப் மேல் பழி போடுவார்கள். ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து இன்ஜின் பக்கத்தில் வைத்து, ஃபீட் பம்ப்புக்குப் போகும் பைப்பைக் கழட்டி, வேறு ஒரு ஹோஸ் போட்டு அந்தக் கேனிலிருந்து நேராக இழுக்க விடுங்கள். வண்டி அலுங்காமல் ஓடினால் பம்ப் நல்ல பம்ப். கோளாறு டேங்க், டேங்குக்குள் இருக்கும் பைப், சேஸிஸ் ஓரமாக உரசி உரசித் தேய்ந்த லைன், இல்லை பழைய செம்பு வாஷர், இந்த நாலில் ஒன்று. கேன் வைத்தும் ஏர் பிடித்தால்தான் ஃபீட் பம்ப்பைக் கழட்ட வேண்டும்.

இன்னொன்று, கொஞ்ச தூரம் நன்றாக ஓடி அப்புறம் மூச்சு விட்டு நிற்கிறது, அரை மணி நேரம் நிறுத்தினால் திரும்ப ஓடுகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும்.

புகையும் இழுவையும்

கரும்புகை என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று இல்லை, அல்லது காற்றுக்கு மிஞ்சி டீசல் போகிறது. காற்றை முதலில் பாருங்கள், அதுதான் மலிவு. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் மேனிஃபோல்டுக்கும் போகும் ஹோஸ்கள், கிளாம்ப்கள். ஹோஸின் மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும், கீழே கை விட்டுத் தடவினால்தான் கிழிசல் தட்டுப்படும், விரலில் ஆயில் பிசுக்கும் ஒட்டும். காற்று சரி என்றால் அடுத்தது நாசில். ஐடிலில் வண்டியை ஓட விட்டு ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் ஹைபிரஷர் பைப்பின் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே மாறித் தடுமாறும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை, அந்த நாசிலை மட்டும் டெஸ்ட் பெஞ்சில் போடச் சொல்லுங்கள், ஆறையும் மாற்றத் தேவையில்லை. இதில் கவனம் வேண்டும். அந்தப் பைப்பிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். துணியால் மூடித்தான் தளர்த்த வேண்டும், முகத்தைத் தள்ளி வையுங்கள், மீறிக் கையில் பட்டுவிட்டால் வலி இல்லையே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் விட்டுவிடுங்கள். சூடான பிறகும் வந்து கண் எரிந்தால் எரியாத டீசல், பம்ப் டைமிங்கோ நாசிலோ கம்ப்ரஷனோ. ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அது தண்ணீர் எரிகிற புகை.

நீலப் புகைதான் எல்லோரும் பயப்படுவது. ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டது, போர் (சிலிண்டர்) வேலை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். லேசாக ஆவி வருவது சகஜம். மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி 'புசு புசு' என்று பேக் கம்ப்ரஷன் அடித்தால் ரிங் தேய்ந்ததாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஏர் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்தாலும் அதன் காற்று ஆயில் வழியாக இன்ஜினுக்குள்தான் வரும். ஏர் டேங்கை வடிக்கும்போது தண்ணீரோடு ஆயில் நிறைய வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள், அதன் செலவு இன்ஜின் செலவுக்குப் பக்கத்திலேயே வராது. பேக் கம்ப்ரஷனே இல்லாமல் நீலப் புகை வந்தால் டர்போ சீலைச் சந்தேகப்படுங்கள், ஹோஸைக் கழட்டினால் உள்ளே ஆயில் குளம் கட்டியிருக்கும். அதை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள். அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு இன்ஜின் தானாக ரேஸ் ஆக ஆரம்பித்தால் ஸ்டாப்பர் இழுத்தாலும் நிற்காது, காற்று வரும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும்.

ஹீட் ஆகிறது

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, அவசரத்தில் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ஆற விடுங்கள். பெல்ட் தொய்வு, ஃபேன், மூடியின் ரப்பர் இவற்றைப் பார்த்துவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கம் டார்ச் அடியுங்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் வைக்கோல் தூளும் மெத்தை மாதிரி அடைந்திருக்கும், முன்னால் நின்று தண்ணீர் அடித்தால் அது போகாது, பின்னாலிருந்து அடிக்க வேண்டும். மிதமான சூட்டில் ரேடியேட்டரைக் கையால் தடவினால் சில இடம் மட்டும் ஜில்லென்று இருக்கும், அங்கே உள்ளே உப்பு அடைத்திருக்கிறது. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி வருகிற வினை இது, கூலன்ட் ஊற்றிப் பழகுங்கள், லைனருக்கும் அதுதான் நல்லது.

குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர் ஓடும் ஹெட் உள்ள ஏர் கம்ப்ரஸர் உங்கள் வண்டியில் இருந்தால் அவசரப்படாதீர்கள். அதன் கேஸ்கெட் விட்டாலும் இதே குமிழிதான் வரும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கம்ப்ரஸரிலிருந்து காற்று வெளியே போகும் பைப்பைக் கழட்டி விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அதில் பிரஷர் ஏறாது, குமிழி நின்றுவிட்டால் குற்றவாளி கம்ப்ரஸர்தான். ஹெட்டைக் கழட்டி, பாலிஷ் போட்டு, திரும்ப மாட்டி, அப்புறமும் குமிழி வந்து நொந்துபோகாமல் இருக்க இந்த ஒரு சோதனை போதும்.

ஹீட் ஆகிறது என்றாலே தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிகிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், லைனர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லை என்றால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி இன்னும் ஹீட் ஆகும். புதுசு ஒன்று வாங்கி வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

பிரேக்

மற்றதெல்லாம் பணம், இது உயிர். தொப்பூர் கணவாயில் இறங்கும்போதோ திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவையும் கடக்கும்போதோ தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை, முன்னாடியே பார்த்துவிட வேண்டும்.

ஏர் முழுசாக ஏற்றுங்கள், மீட்டரில் 7, 8 கிலோ வரும். இன்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். கண் முன்னாலேயே இறங்கினால் லைனில் லீக். நின்றால், யாரையாவது பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அப்போது தொடர்ந்து இறங்கினால் டயாபிரமோ பெடல் வால்வோ. எங்கே சீறுகிறது என்று காது வைத்துக் கேட்டு சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரிந்துவிடும். 5 கிலோவுக்குக் கீழே முள் இருக்கும்போது வண்டியை நகர்த்தவே கூடாது. பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

எந்தச் சக்கரம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி. பிரேக் போட்டுப் போட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். எல்லாம் ஒரே மாதிரி அனல் அடித்தால் நல்லது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இல்லை, ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் லீவர்) தளர்ந்திருக்கும், அல்லது லைனிங்கில் ஹப் கிரீஸ் இறங்கியிருக்கும். ஒன்று மட்டும் காந்தினால் பிரேக் விடுபடாமல் உரசுகிறது, இல்லையென்றால் ஹப் பேரிங். வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஏர் டேங்கைத் தினமும் வடியுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சத்தம், ஆட்டம்

கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் முன் பேரிங். வண்டி எடுக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் 'டங்' என்றால் கிராஸ் (புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்), சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுக் கீழே போய் ஜாயின்ட்டைக் கையால் திருகிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் சென்டர் பேரிங். பின்னால் இழுவையில் ஒரு ஊளைச் சத்தம் வந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அது மாறினால் கிரவுன் (பின் ஆக்சில் பல்சக்கரம்), முதலில் ஹவுசிங் ஆயில் லெவலைப் பாருங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காமல் இருந்தால் கிங் பின் (முன் சக்கரம் திரும்புகிற அச்சு). பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்ட். ஸ்டியரிங் நேராக இருந்தும் வண்டி கோணலாக ஓடினால் பின் ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கும். முன்பக்கப் பிராக்கெட்டிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியும்.

பட்டறையில் எப்படிச் சொல்வது

"அண்ணே, இழுவை இல்ல, என்னன்னு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். "அண்ணே, காலி வண்டில ஒண்ணும் இல்ல. லோடு ஏத்தி மேடு ஏறினா கரும்புகை. ஏர் ஃபில்டர் மாத்திட்டேன், ஹோஸ் பாத்துட்டேன், மூணாவது நாசில தளர்த்துனா சத்தம் மாறல" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இது பாதி வேலை மிச்சம், அவரும் உங்களிடம் வேறு மாதிரிப் பேசுவார். ஒரே நேரத்தில் இரண்டு சாமான் மாற்ற விடாதீர்கள், எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும். கழட்டிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று), அந்த நேரத்திலும் நோட்டு உதவும்.

கேபினில் எப்போதும் இருக்க வேண்டியது: ஃபேன் பெல்ட் ஒன்று, டீசல் ஃபில்டர், செம்பு வாஷர் ஒரு பிடி, ஹோஸ் கிளாம்ப், ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், மல்டிமீட்டர், டார்ச், காந்தம், நாலு சக்கரக் கட்டை. ராத்திரியில் ஸ்டெப்னி மாற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம், பல பழைய வண்டிகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பித் தளர்த்தப் பார்த்தால் அது இன்னும் இறுகும், பைப் போட்டு ஏறி மிதித்தால் போல்ட் முறியும். போல்ட் முனையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரை மாட்டுங்கள்.